இருநூற்றுப் பதினெட்டு

கொழும்பிலிருந்து வந்த பெட்டியில்
இருநூறு தாள்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு,
தட்டில் பாதி பச்சை.
அந்தப் பச்சையில்
இறக்கக்கண்டி ஒருநாளும் சமைத்திராத
ஏதோ ஒரு பூக்கறி.
அதன் பெயரை வாசிக்க
எனக்கே இரண்டு தரம் பிடித்தது.

ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவு:
பெயர்ப்பலகை எங்கள் கட்டடத்தைவிட நீளம்.
செவ்வாய்க்கிழமை.
வாங்குகளில் முப்பத்தேழு பேர், வெறும் வயிறு,
மடியில் கிளினிக் கொப்பி.
கச்சான் காற்று கொப்பிகளைத் திறந்து திறந்து பார்க்கிறது.

நான் உரத்து வாசிக்கிறேன்:
‘நாளாந்தம் முப்பது நிமிடம் வேகமாக நடவுங்கள்.’
கோணாமலை கையை உயர்த்துகிறார்.
விடிய நாலு மணியிலிருந்து கரைவலை இழுத்துவிட்டு
நேரே வந்தவர்.
தோளில் கயிற்றின் தடம் இன்னும் ஈரம்.
‘மிஸ், நான் நடக்கிறது பின்பக்கமா.
அது கணக்கில வருமோ?’

வாங்கு முழுக்கச் சிரிப்பு.
நானும் சிரித்தபடியேதான்
அவருடைய கொப்பியில் எழுதினேன்:
இருநூற்றுப் பதினெட்டு.

குறை நடையில் இல்லை.
கதைக்கக் கதைக்கத்தான் வெளியே வந்தது.
ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தேத்தண்ணி,
ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் மூன்று கரண்டி சீனி.
கூலியில் கழிவுண்டு,
மீனில் பங்குண்டு,
அறுந்த கயிற்றுக்கும் கணக்குண்டு.
சம்மாட்டி சும்மா தருவது
சீனி மட்டும்தான்.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
சம்மாட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்தது ஜெஸீமா, தையல்காரி.
இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றியதும்
விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்:
‘இது இழுபட்டுப் போச்சு மிஸ்,
அரை அங்குலம் பொய் சொல்லுது.’
கைப்பையிலிருந்து தன் நாடாவை எடுத்துத் தந்தாள்.
அது அரை அங்குலம் கூடக் காட்டியது.
‘பரவாயில்ல. உள்ளத எழுதுங்க.’

பன்னிரண்டரைக்கு
எதிர்க்கடையில் வடை வாங்கியபோது
சுற்றித் தந்தது நம்முடைய தாள்.
‘எண்ணெயைக் குறைப்போம்’ என்ற எழுத்தின்மேல்
எண்ணெய் ஊறி,
முன்னரைவிடத் தெளிவாகத் தெரிந்தது.
கோபப்பட நினைத்தேன்.
நானும் விடிந்ததிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.
இரண்டு வடை.
இன்னொன்று.

இரவு, மிஞ்சிய தாள்களின் வெறும் பக்கத்தில்
நான் ஒரு தட்டு வரைந்தேன்.
முருங்கையிலைச் சுண்டல், குறிஞ்சா,
ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு,
குழம்பில் கீரி மீன்.
எனக்குப் படம் வராது.
மீன், அறுந்த செருப்பைப்போல
தட்டில் கிடந்தது.

அடுத்த மாதம்
கோணாமலை அதைக் கையில் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
‘இது என்ன மீன்?’
கீரி என்றேன்.
‘கீரிக்கு வால் இப்பிடி இருந்தா
அது கடலுக்குள்ள நேரா ஓடாது, பிள்ள.’
என் பேனையை வாங்கி,
கயிறு தின்ற விரல்களால்
வாலைப் பிளந்தார், செவுள் வைத்தார்,
ஒரு கண்ணும் வைத்தார்.
பிறகு சோற்றைக் காட்டி,
‘இது எனக்குக் காணாது’ என்று
கோட்டை ஒரு விரலளவு தள்ளிப் போட்டார்.
நான் அதை அரை விரலுக்குக் குறைத்தேன்.
ஒத்துக்கொண்டார்.

தேத்தண்ணி?
‘இப்ப ரெண்டு கரண்டி.
மூண்டாவத கடலுக்குள்ள எறியிறன்.’
அது பொய் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
விரல் நுனியில் ஊசி.
இயந்திரம் எண்ணிச் சொன்னது:
இருநூற்றாறு.

குறைந்துவிட்டது என்று
டொக்டரிடம் சொல்ல முடியாத எண்.
ஆனாலும் எழுதினேன்.
எழுதிவிட்டு,
அந்தச் சம்மாட்டியின் பெயரையும்
அவர் வாடியில் தேத்தண்ணி ஊற்றுபவரின் பெயரையும்
கேட்டு,
என் கையிலேயே குறித்துக்கொண்டேன்.